இழுத்தால் நிற்கும் வண்டி

தஞ்சாவூர் கரந்தையிலிருந்து வடக்கே திருவையாறு போகிற சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. சின்ன வயதில் அப்பாவின் அம்பாசடரில், முன்சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு நானும் அண்ணனும் ஒவ்வொரு பாலத்துக்கும் ஆற்றின் பெயரைக் கத்துவோம். பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் அப்பா வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவார். சரியாகச் சொன்ன பிறகுதான் வண்டி மறுபடி வேகம் எடுக்கும்.

2022 புரட்டாசி இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை, அதே ஐந்து பாலங்களை அதே வண்டியில் கடந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. பின்னால் ஒரு காகிதப் பை, அதில் ஆர்.சி. புத்தகம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நிரப்பிக் கையெழுத்திட்ட படிவங்கள். மயிலாடுதுறையில் ஒருவரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டும். பாபநாசம் வழியாகப் போனால் நேர்வழி. அப்பா அந்த வழியில் போகமாட்டார். திருவையாறு போய், காவிரியை ஒட்டியே கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று கும்பகோணம் சேர்ந்து, அங்கிருந்து கிழக்கே திரும்புவார். நானும் அப்படியே போனேன்.

வாங்குகிறவர் ஒரு வாரத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்திருந்தார். பழைய கார்களைச் சேர்த்து வைத்துக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். மரியாதையான மனிதர். தரையில் மல்லாந்து படுத்து அடிப்பாகம் முழுக்க டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “பாடி நல்லா இருக்கு சார். டிங்கரிங் வேலை கொஞ்சம்தான் வரும். இந்தக் கம்பி, லீவரு, சீட்டுக்கு அடியில இருக்கிற கட்டை, எல்லாத்தையும் எடுத்துட்டா ஒரிஜினலா ஆயிடும்” என்றார்.

அதுவரை வந்தவர்களில் எடைக்குக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். இரண்டு பழைய இரும்புக்கடைக்காரர்கள் கிலோ கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்குச் சென்னையில் மூன்றாவது மாடியில் வீடு, கீழே ஸ்கூட்டர் நிறுத்தவே சண்டை. தஞ்சாவூர் வீட்டை அண்ணன் இடித்துக் கட்டப்போகிறான். பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் அந்த ஏப்ரலில்தான் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகியிருந்தது. பணம்கூடப் பெரிதில்லை. ஓட்டாமல் நிற்கிற வண்டியின் கதவோரங்களில் துரு ஏறுவதை ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து பார்ப்பதுதான் பெரிது. சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ‘ஒரிஜினல்’ என்ற சொல் அன்றிலிருந்து உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. 1950. வலது கால் சூம்பிப்போனது. பத்தொன்பது, இருபது வயது வரை கோலை மட்டும் ஊன்றித்தான் நடந்தார். அதற்குப் பிறகு வேலூருக்குக் கூட்டிப்போனார்கள். சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டிருந்தது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அந்த நிலையத்தில்தான் அப்பாவுக்குக் காலிபர் போட்டு நடக்கப் பழக்கினார்கள். சக்கர நாற்காலியில் டாக்டரம்மா வரிசையாகக் கட்டில்களைக் கடந்து போனதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரில் அவருக்கு யாருடைய உதவியும் வேண்டாத ஒரே வேலை மாட்டுவண்டி ஓட்டுவது. அதற்குக் கால் தேவையில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும். கயிறு கையில் இருந்தால் மாடு அவர் பேச்சைக் கேட்டது.

1986இல் பாபநாசம் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டிலிருந்து இந்த வண்டியை வாங்கினார். மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், மூன்று எழுத்தில் தொடங்கும் பழைய நம்பர். முதல் ஒரு வருடம் டிரைவர் வைத்து ஓட்டினார். டிரைவர் வராத நாட்களில் வாசலில் வண்டி நிற்கும், திண்ணையில் அப்பா இருப்பார். ஒருவர் வந்து தன்னை எங்கேயாவது கொண்டுபோகட்டும் என்று காத்திருப்பதுதான் அவருடைய வாழ்க்கையில் பாதி. சொந்தமாகக் கார் வாங்கிய பிறகும் அப்படியே காத்திருக்க அவர் தயாராக இல்லை.

தஞ்சாவூரில் டிராக்டர் பழுது பார்க்கிற ஒரு பட்டறைக்காரர் இருந்தார். அப்பாவை விடப் பத்து வயது சின்னவர், “அண்ணே” என்றுதான் கூப்பிடுவார். டிராக்டரில் ஆக்சிலேட்டரைக் கையாலும் வைக்கலாம்; ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே அதற்கு ஒரு பிடி உண்டு. அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு யோசனை வந்தது. “அதை இதுல வச்சுக் குடு. பிரேக்கையும் அதோட சேர்த்துக் குடு” என்றாராம். பட்டறைக்காரர் நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். லேத்தில் கடைந்த இரண்டு கம்பிகள், ஒரு நீளமான பிடி. ஸ்டியரிங்குக்கு வலப்புறம் முழங்கை உயரத்தில் அது நின்றது. ஒரு கம்பி ஆக்சிலேட்டரை அழுத்தும், இன்னொன்று பிரேக்கை. கிளட்சுக்கு இடது கால் இருந்தது. இடது கை ஸ்டியரிங்குக்கும் கியருக்கும். கியர் மாற்றும்போது எஞ்சினுக்கு வேகம் தர வேண்டியதில்லை, ஆகவே அந்த இரண்டு நொடி வலது கை பிடியை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொள்ளும். எழுதினால் சிக்கலாகத் தெரிகிறது. அப்பா செய்யும்போது நெசவு போல இருக்கும்.

முதலில் பட்டறைக்காரர் வைத்தது தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். இப்படிப்பட்ட வண்டிகளில் தள்ளினால் நிற்பதுதான் வழக்கம், காரணமும் உண்டு. பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் சாயும். சாய்கிற எடையே தள்ளுகிற கைக்குத் துணையாகும். சித்திரை மாதம், அறுவடை முடிந்து தரிசாகக் கிடந்த எங்கள் வயலில் தாள்கட்டைகளின் மேல் அப்பா முதன்முறை ஓட்டினார். வரப்பு கிட்ட வந்ததும் முப்பது வருடம் மாடு ஓட்டிய கை, மூக்கணாங்கயிற்றை இழுப்பதுபோல் பிடியை நெஞ்சுக்கு இழுத்தது. வண்டி சீறிக்கொண்டு வரப்பில் ஏறி அடுத்த வயலில் இறங்கி நின்றது.

“கையை மாத்திப் பழகுங்கண்ணே” என்றார் பட்டறைக்காரர்.

“கை மாறாது. கம்பியை மாத்து” என்றார் அப்பா.

இரண்டு நாள் வாக்குவாதம். உடம்பு முன்னால் சாயும் என்பதற்கு அப்பா சொன்ன பதில், “என்னைச் சீட்டோட கட்டு.” கடைசியில் கம்பிகள் இடம் மாறின. சீட்டின் இரண்டு பக்கமும் துளைபோட்டு அகலமான தோல்பட்டை ஒன்று இடுப்புக்கு வந்தது. இழுத்தால் நிற்கும், தள்ளினால் போகும். அந்தப் பிடிக்கு எங்கள் வீட்டில் லீவர் என்று பெயர் இல்லை. கயிறு. “கயித்த இழு”, “கயித்த விடு” என்றுதான் பேச்சு.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. காலிபர் போட்ட கால் மடங்காது, அதனால் ஓட்டுகிறவர் சீட்டை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி அடியில் கட்டை கொடுத்தார்கள். வலுவில்லாத அந்தக் கால் நழுவி பெடல்களுக்கு அடியில் சிக்காமல் இருக்க ஒரு மரப்பெட்டி மூடி. கோலைச் செருகக் கதவின் உட்பக்கம் இரண்டு வளையம். ஏறும்போது பிடித்துக்கொள்ள மேலே ஒரு தாம்புக்கயிறு. விதைமூட்டை ஏற்ற வசதியாகப் பின்சீட்டைக் கழற்றி மாட்டுகிறபடி செய்தது. பின்பக்க வில்லில் கூடுதலாக ஒரு பட்டை. முப்பத்தாறு வருடத்தில் அந்த வண்டி அப்பாவின் செருப்பு மாதிரி ஆகிவிட்டது. அவர் தேய்த்த இடத்தில் தேய்ந்து, அவர் மிதித்த வாக்கில் வளைந்து, வேறு யாருக்கும் பொருந்தாமல்.

எனக்குப் பொருந்தும். பதினெட்டு வயதில் அப்பாதான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவருக்குக் காலால் பிரேக் போடத் தெரியாது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவரால் சொல்ல முடியாது. அதனால் கயிற்றை என் கையில் கொடுத்துத் தன் கையை என் கைமேல் வைத்துக் கற்றுக்கொடுத்தார். அதே வயல், அதே சித்திரை. மற்றவர்கள்போல் காலால் ஓட்டுவதைப் பிறகு ஒரு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிப் படித்தேன். இன்றும் எனக்கு அது இரண்டாம் பாஷைதான்.

அன்று காலை வெட்டாற்றுப் பாலத்தின் ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். நிறுத்த அவசியம் இல்லை, எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ஆனால் கை தானாக இழுத்துவிட்டது. டெல்டாவில் மேடு என்றால் பாலம்தான். பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டால் அப்பாவுக்குக் கஷ்டம். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒரே கை ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அதனால் எந்தப் பாலமானாலும் அடியிலேயே நின்று, எதிரே வருகிறவர்கள் எல்லாரும் இறங்கிய பிறகுதான் ஏறுவார். பழைய பாலங்கள் குறுகல். தங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து எதிரே வருகிற லாரிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்பாவும் தலையசைப்பார்.

வெட்டாறு என்ற பெயரிலேயே அது வெட்டிய ஆறு என்று இருக்கிறது. தென்பெரம்பூரில் வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு மூன்றுக்கும் தண்ணீரைப் பிரித்து விடுகிறார்கள். அதற்கு மேலே கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று பிரிவு. புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாய், 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. அதற்கு நூறு வருடம் முன்னால் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார். அவருக்கு வெகுகாலம் முன்பே கரிகாலன். இந்தப் பூமியில் ஓடுகிற தண்ணீரில் மனிதன் கைவைக்காத தண்ணீர் ஏது? ஒவ்வொரு தலைப்பிலும் ஷட்டர், ஒவ்வொரு வாய்க்காலிலும் மதகு. காவிரியை ஒரிஜினலாக ஆக்கு என்றால் எதை எடுப்பது, எதுவரை எடுப்பது? பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கிற மேட்டூரை அந்த வருடம் மே 24ஆம் தேதியே திறந்திருந்தார்கள்.

குடமுருட்டி தாண்டுவதற்குள் எஞ்சின் இருமி நின்றது. வெயில் ஏறியிருந்தது. சூடேறினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அம்பாசடருக்கு அது பிறவிக்குணம். டிக்கியில் எப்போதும் ஒரு பழைய வேட்டித் துண்டும் பித்தளைச் செம்பும் இருக்கும். படித்துறையில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்து, துணியை நனைத்துப் பெட்ரோல் பம்ப்பின் மேல் சுற்றினேன். சின்ன வயதில் இது என் வேலை. ஆற்றில் இறங்க முடியாத அப்பா பானெட் பக்கத்தில் கோலூன்றி நின்று, “பார்த்து, படி வழுக்கும்” என்பார். அந்தச் செம்பில் காவிரித் தண்ணீர், அரசலாற்றுத் தண்ணீர், வீரசோழன் தண்ணீர் எல்லாம் இந்த எஞ்சினுக்கு வார்த்திருக்கிறேன். பத்து நிமிஷத்தில் வண்டி எழுந்துகொண்டது.

திருவையாற்றில் ஐயாறப்பர் கோயில் வாசலில் நிற்கவில்லை. காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்தில் மட்டும் எஞ்சினை அணைத்தேன். தை மாதம் ஆராதனைக்கு அப்பா தவறாமல் வருவார். பந்தலில் ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மடங்காத காலோடு அங்கே உட்கார முடியாது. நாற்காலி கேட்டு உட்கார அவருக்கு மனம் வராது. ஒலிபெருக்கி கேட்கிற தூரத்தில் மரநிழலில் வண்டியை நிறுத்தி, நான்கு கதவையும் திறந்துவைத்து, சீட்டில் சாய்ந்துகொள்வார். பஞ்சரத்ன கீர்த்தனைகள் முடிகிறவரை வலது கை கயிற்றின் மேல் தாளம் போடும். போலீஸ்காரர்கள் வண்டியை எடுக்கச் சொன்னால் கதவோரம் செருகியிருக்கிற கோலைக் காட்டுவார். யாரும் இரண்டாவது முறை சொன்னதில்லை.

திருவையாறு தாண்டியதும் சாலையில் பாதி நெல்லாகிவிட்டது. குறுவை அறுவடை. பெல்ட் மிஷின் அறுத்துக் கொட்டிய ஈரநெல்லைத் தார்ச்சாலையில் பரப்பி, ஓரத்தில் கல்லும் தென்னமட்டையும் அணை வைத்திருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்கமாட்டார்கள், புரட்டாசி மழையோ எந்த நேரமும் வரும். வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே ஒரு அம்மா வானத்தைப் பார்த்தார். எதிரே பஸ் வந்தால் நெல்லின் மேல் ஏற்றித்தான் ஒதுங்க வேண்டும் என்று எல்லா டிரைவர்களும் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள். அப்பா ஏற்றமாட்டார். நின்றுவிடுவார், பஸ் போகட்டும் என்று. நானும் கணபதி அக்ரஹாரத்திலிருந்து கபிஸ்தலம் வரை ஆறு முறை நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கை வலித்தது. இந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். காலால் மிதிப்பதற்காகச் செய்ததைக் கையால் இழுக்க வேண்டும். அப்பாவின் வலது முன்கை என் கெண்டைக்கால் அளவு இருந்தது இப்படித்தான்.

கபிஸ்தலத்தில் டீ குடிக்க நின்றபோது ஒரு பெரியவர் வந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். “இது நொண்டி ஐயா வண்டிதானே?” என்று கேட்டவர், சொன்ன பிறகு சங்கடப்பட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, இந்தப் பக்கம் அப்படிச் சொன்னாத்தான் தெரியும்” என்றார். அப்பாவுக்கு அந்தச் சொல் உறைத்ததில்லை என்று சொன்னேன். உண்மைதான். அவருக்கு உறைத்தது வேறொரு சொல்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படிப்பட்ட வண்டிக்கு ‘இன்வாலிட் கேரேஜ்’ என்று பெயர் இருந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: ஊனமுற்றவருக்கென்றே வடிவமைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும், இருக்கிற வண்டியை மாற்றியமைத்தது மட்டும் போதாது. ஆக, எங்கள் வண்டி ஊனமுற்றவர் வண்டியாகவும் எழுத்துப்படி ஏற்கப்படாது, சாதாரண வண்டியாகவும் இல்லை. அப்பா எத்தனையோ முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடந்தார், அதாவது ஓட்டிக்கொண்டு போனார். ஒருமுறை ஒரு குமாஸ்தா அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்து, “இன்வாலிடுன்னா செல்லாததுங்க. செல்லாத வண்டிக்கு எதுக்கு லைசென்ஸ்?” என்று கேட்டாராம். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அப்படித்தான் புரிந்துகொண்டார். அன்று வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவில்லை. செல்லாக்காசு என்கிறோமே, அந்தச் செல்லாத. 2019இல் வந்த சட்டத்திருத்தம் அந்தப் பெயரையே எடுத்துவிட்டது. இப்போது ‘அடாப்டட் வெஹிகிள்’, அதாவது தகவமைத்த வண்டி. மாற்றியமைத்ததும் அதில் சேரும். செய்தியைத் தாளில் பார்த்து நான்தான் படித்துக் காட்டினேன். ஓட்டுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது அப்போது. “வண்டி செல்லும்னு எழுதிட்டானா?” என்றார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

கும்பகோணத்துக்குள் நெரிசல். நாச்சியார்கோவில் சாலை பிரிகிற இடத்தில் சிக்னல்போல் ஒரு மாடு குறுக்கே நின்றது. இடது கை ஸ்டியரிங்கின் மேல் இருக்கிற பித்தளைக் குமிழைப் பிடித்திருந்தது. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுழற்ற ஒரு குமிழ் வேண்டும். முதலில் பட்டறைக்காரர் வைத்த இரும்புக் குமிழ் வேர்வையில் வழுக்கியது. அப்பா நாச்சியார்கோவிலுக்குப் போய், குத்துவிளக்கு வார்க்கிற பத்தரிடம் களிமண்ணைப் பிசைந்து தன் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தி, அந்த அச்சிலேயே வார்த்துக் கொடுக்கச் சொன்னார். விரல் பதிகிற நான்கு பள்ளமும் கட்டைவிரலுக்கு ஒரு மேடும் அதில் இருக்கும். என் விரல்கள் அந்தப் பள்ளங்களில் சரியாக உட்காராது. கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். இத்தனை வருடம் அது எனக்கு இடைஞ்சலாகத்தான் தெரிந்தது. அன்று மாடு நகர்ந்து, பின்னால் எல்லாரும் கத்தியும், விரல்களை ஒவ்வொரு பள்ளமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. நான் கடந்துபோன அந்த வருடம் அதற்கு நூறு வயது. அப்பா விதைக்கு இங்கேதான் வருவார். 1960களில் ஏடிடி-27 வந்தபோது அவர் கோலூன்றி நடக்கிற பையன். ஜப்பானிய நெல்லோடு கலந்து உருவாக்கிய அந்த ரகம் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கக் குறுவையைப் பரப்பிய கதையை, தன் கல்யாணக் கதையைவிட விரிவாகச் சொல்வார். கார் வந்த பிறகு ஏடிடி-36, ஏடிடி-43 என்று எங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். பின்சீட்டைக் கழற்றினால் கிடைக்கிற இடத்தில் விதைநெல் வாசனை அன்றும் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் தரைப்பாய்க்கு அடியில் சிந்திய நெல் முளைத்து, இரண்டு அங்குலப் பச்சை எட்டிப் பார்த்தது. அம்மா பிடுங்கப் போனாள். அப்பா விடவில்லை; ஒரு வாரம் அதற்குத் தண்ணீர் தெளித்து, பிறகு எடுத்துப்போய் நாற்றங்கால் ஓரத்தில் நட்டார்.

இன்னொன்றும் அந்தப் பின்பகுதியில் போயிருக்கிறது. 1995 டிசம்பரில் பல்ஸ் போலியோ முகாம்கள் தொடங்கியபோது, எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய்த் தன் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓட்டுவது அவரே. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நர்ஸம்மா பின்னால் உட்கார்ந்திருப்பார். சொட்டு மருந்து வேண்டாம் என்று கதவைச் சாத்துகிற வீடுகளும் இருந்தன. அப்பா எதுவும் பேசமாட்டார். வண்டியிலிருந்து இறங்குவார். தாம்பைப் பிடித்து, காலிபரைச் சரிசெய்து, கோலை உருவி ஊன்றி, அவர் இறங்க இரண்டு நிமிஷம் ஆகும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற தாய் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமி, 2011 ஜனவரி 13. மூன்று வருடம் பார்த்துவிட்டு 2014 மார்ச் 27இல் போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 24இல் ஹவுராவுக்கு அடுத்த ஹூக்ளி மாவட்டத்தில், உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தியது. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வருடம் ஓடிய உற்பத்தி. அப்பாவின் காலை எடுத்துக்கொண்டதும், அவருக்குக் காலாக வந்ததும் பக்கத்துப் பக்கத்து மாவட்டத்தில் முடிந்துபோயின; முடிந்த செய்தி இரண்டும் ஒரே வருடத்தில் வந்தது. மார்ச் செய்திக்கு அப்பா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். மே செய்திக்கு, “இனி பிரேக் ஷூ கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரமே கும்பகோணத்தில் மூன்று செட் வாங்கி வைத்துவிட்டார். அதில் ஒன்று பிரிக்காமலே டிக்கியில் இருந்தது.

குத்தாலம் தாண்டி மயிலாடுதுறை வந்தபோது மணி ஒன்று. கொட்டகையில் வரிசையாக இரண்டு பத்மினி, ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஒரு பழைய ஜீப், எல்லாம் பளபளவென்று. வாங்குகிறவர் வெளியே வந்து வரவேற்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார், இலை போட்டார். அவர் நல்லவராக இருந்தது எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

கையெழுத்தெல்லாம் முடிந்ததும் கேட்டேன், “கம்பியெல்லாம் நானே கழட்டிக்கலாமா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “உங்க சாமான் சார். ஸ்பேனர் தர்றேன்.”

ஒரு மணி நேரம் ஆனது. அப்பாவின் சீட்டில் தலைகீழாகப் படுத்து, பெடல்களுக்கு அடியில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக எடுத்தேன். ஒரு இடத்தில் இணைப்புக் கம்பியில் வெல்டிங் அடித்த தடம் இரண்டு இருந்தது. முதலில் ஒரு பக்கம் ஒட்டி, அறுத்து, மறுபக்கம் ஒட்டியிருக்கிறார்கள். கை மாறாது, கம்பியை மாற்று என்று அப்பா சொன்னது அந்த இரும்பில் அப்படியே இருந்தது. பட்டறைக்காரர் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. மரப்பெட்டி, வளையங்கள், இடுப்புப் பட்டை, தாம்பு. கடைசியாகக் குமிழ். எல்லாவற்றையும் அவர் கொடுத்த ஒரு நெல் சாக்கில் போட்டுக் கட்டினேன்.

அதற்குள் அவருடைய பையன் வந்து ஏறினான். இருபது வயதிருக்கும். சீட்டை முன்னுக்கு இழுத்தான், சாவியைத் திருகினான், காலால் ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. முப்பத்தைந்து வருடம் கால் படாத ஆக்சிலேட்டரும் பிரேக்கும், மிதித்தவுடன் கேட்டன. பின்னால் எடுத்து, வளைத்து, ஹெரால்டுக்குப் பக்கத்தில் ஒரே முறையில் நிறுத்தினான். நன்றாக ஓட்டினான்.

“சீட்டுக்கு அடியில இருக்கிற கட்டையை எடுத்துடலாமா சார்?” என்று கேட்டான். எடுத்துவிடு தம்பி என்றேன். அதை மட்டும் சாக்கில் போட இடம் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட் கிடைத்தது. சாக்கைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் அதைக் காலால் தட்டிப் பார்த்து, “இரும்பா?” என்றார். ஆமாம் என்றேன். லக்கேஜ் போடாமல் போய்விட்டார். குத்தாலத்துக்கு முன்னால் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று குறுக்கே நகர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸில் எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். என் வலது கை மட்டும், காற்றை இறுகப் பிடித்து, நெஞ்சை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது.